திகதி போடாத கடிதம்

உம்மாவைப் பிரதேச சபைத் தேர்தலுக்குக் கேட்டு ஜெமீல் ஹாஜியார் எங்கள் வீட்டுக்கு வந்தது நோன்பு மாதத்தில், அஸர் தொழுகை முடிந்த ஒரு பின்னேரம். அவருக்குப் பிரதான வீதியில் சீமெந்துக் கடை. கட்சியின் ஊர் அமைப்பாளரும் அவர்தான். வாப்பா கட்டாரில் லொறி ஓட்டுகிறார். அதனால் வெளி ஆண்கள் வந்தால் தன் மூத்த சகோதரரான மாமாவைக் கூப்பிட்டு முன்னால் இருத்திவிட்டுத்தான் உம்மா கதைப்பார். அன்றைக்கும் மாமா கடலால் வந்த ஈரச் சாரத்தோடு கதிரையில் இருந்தார். உம்மா அறைவாசல் சீலைக்குப் பின்னால் நின்றார். நான் உம்மாவுக்குப் பின்னால்.

"பேர் மட்டும்தான் றுக்ஸானா," என்றார் ஹாஜியார். "பட்டியல்ல பொம்பிளையள் இவ்வளவு பேர் இரிக்கணும் எண்டு சட்டம். ஒண்டு குறைஞ்சாலும் மாவட்டக் கச்சேரியில முழுப் பட்டியலையும் தள்ளிருவாங்க. நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல. மேடையில ஏறத் தேவல்ல. போட்டோவும் அடிக்க மாட்டம்."

"இவளுக்கு எலக்சன் என்னத்துக்கு ஹாஜியார்? வீட்டுல அரிசிக்கும் மீனுக்கும் கணக்குப் பாக்கவே நேரமில்ல," என்றார் மாமா சிரித்துக்கொண்டு.

உம்மா சிரிக்கவில்லை. சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"மெம்பரானா கடலுக்குக் கல்லுப் போட ஏலுமா காக்கா?"

"கல்லா? மெம்பரானா மலையையே கொண்டு வந்து வைக்கலாம்!"

ஹாஜியார் அதைப் பகிடியாகத்தான் சொன்னார். உம்மா பகிடியாக எடுக்கவில்லை. "அப்ப என்ட பேரப் போடுங்க," என்றார்.

உம்மா எந்தக் கல்லைக் கேட்டார் என்று மாமாவுக்கும் எனக்கும் தெரியும். என் தம்பி சஹ்லான் மூன்று வருசங்களுக்கு முன் டெங்குக் காய்ச்சலில் மௌத்தானான். அவனுக்குப் பதினொரு வயது. கடற்கரைப் பள்ளிவாசலின் மையவாடியில் அடக்கினார்கள். எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஜனாஸா வீட்டு வாசலைத் தாண்டினால் அதற்குப் பிறகு எல்லாம் ஆண்களின் வேலை. வாப்பாவுக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை, பிறகும் அவர் ஊருக்கு வரவில்லை. ஆகவே என் தம்பியின் கபுறை எங்கள் வீட்டில் யாரும் கண்டதில்லை. மாமா வந்து சொன்னதுதான்: கடல் பக்கத்திலிருந்து இரண்டாவது வரிசை, தாழம் பற்றையிலிருந்து ஐந்தாவது, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்ட சின்ன மீஸான் கட்டை இரண்டு.

போன மாரியில் கடல் வந்து மையவாடியின் கிழக்கு மதிலைத் தள்ளிவிட்டது. மாமா சொல்லி இரண்டு நாளைக்குப் பிறகு உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். மதில் நின்ற இடத்தில் கல்லும் கம்பியும் கிடந்தன. உள்ளே எல்லாம் தெரிந்தது. உம்மா மணலில் நின்றபடி தாழம் பற்றையிலிருந்து விரலை மடித்து எண்ணினார். ஐந்தாவது விரலில் நிறுத்தினார். மூன்று வருசங்களில் அன்றைக்குத்தான் அவர் பிள்ளை கிடக்கும் இடத்தைக் கண்டார். கடல் மதிலை இடித்திராவிட்டால் கண்டிருக்கவே மாட்டார்.

அவர் அழவில்லை. அலை வந்து திரும்பும் கோட்டில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்து முதல் வரிசைக் கபுறு வரை அடிமேல் அடி வைத்து நடந்தார். "இருவத்தாறு," என்றார். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது போய் அளப்பார்.

வேட்புமனுப் பத்திரங்களை ஜவுபர் கொண்டு வந்தார். அவர்தான் எங்கள் வட்டாரத்துக்குக் கட்சியின் வேட்பாளர். போன் கடை வைத்திருக்கிறார், எப்போதும் அவசரத்தில் இருப்பார். அன்றைக்கு நோன்பு துறக்கப் பத்து நிமிசம் இருந்தது. மேசையில் கஞ்சிக் கோப்பையும் ஈச்சம்பழமும் வைத்திருந்தோம். அவர் அவற்றை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பத்திரங்களை விரித்தார்.

"இதுல ஒண்டு, இதுல ஒண்டு, கீழ ஒண்டு. கெதியா ராத்தா. பாங்கு சொல்லப் போறாங்க. இன்னம் நாலு வீட்டுக்குப் போகணும்."

உம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்துக் கூட்டி வாசிப்பார், அதற்கு நேரம் வேண்டும். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன மகள் இது?"

நான் குனிந்து வாசித்தேன். முதலாவது சம்மதப் பத்திரம். இரண்டாவது சத்தியக் கடதாசி. மூன்றாவது தட்டச்சில் அடித்த ஒரு கடிதம். தனிப்பட்ட காரணங்களால் எனது உறுப்பினர் பதவியிலிருந்து எனது சொந்த விருப்பின் பேரில் விலகிக்கொள்கிறேன் என்று இருந்தது. திகதி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெறும் புள்ளிகள்.

வெளி ஆட்களுக்கு முன்னால் எனக்குக் குரல் வராது. பள்ளிக்கூடத்தில் எழும்பி வாசிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னமே நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டதற்கு அதுதான் காரணம், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு ஜவுபர் எனக்கு எதிரே நின்று விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். இது என்ன கடிதம் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். கேட்க வாய் வரவில்லை.

"கட்சிப் பேப்பர்தான் உம்மா," என்றேன்.

உம்மா மூன்றிலும் கையெழுத்து வைத்தார். பாங்கு சொன்னது. ஜவுபர் ஓர் ஈச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

பெருநாள் கழிந்ததும் தேர்தல் வேலை தொடங்கியது. ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று சொன்னார்கள்தான். ஆனாலும் உம்மா தானாகவே வீடு வீடாகப் போனார். நான் நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். நோட்டீசில் ஜவுபரின் முகம் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே பட்டியலில் இருக்கும் பெண்கள் ஆறு பேரின் பெயர்கள். முகம் இருக்க வேண்டிய ஆறு இடத்திலும் ஒவ்வொரு ரோசாப்பூ.

தையற்கார ராத்தா ஒருத்தி நோட்டீசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னகா இது, கலியாணக் காட் மாதிரி? இதுல ஆரு நீ?"

"ரெண்டாவது பூ," என்றார் உம்மா.

"மத்ததுகளும் அதே பூத்தானேகா! பூவுக்கா புள்ளடி போடச் சொல்றாய்?"

"போடுகா. பூ கேக்கிறத்த மனிசர் கேக்க மாட்டாங்க."

அந்த வாசலில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தார். சஹ்லானுக்குப் பிறகு உம்மா மற்றவர்களோடு சேர்ந்து சிரித்ததை நான் அந்த வாரங்களில்தான் கண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் கடைசியாக ஒரே கேள்வியைக் கேட்பார்: "ஒங்கட ஆளுகள் ஆரும் கடல் பக்கத்து வரிசையில இரிக்காங்களா?" அநேகமாக ஒருவராவது இருந்தார். வாப்பாவை அங்கே அடக்கிய ஒரு மகள், இரண்டு மாதப் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, சுனாமியில் குடும்பமே போன ஒரு மனுசி. தங்கள் ஆட்கள் கிடக்கும் இடத்தை அவர்கள் எல்லோரும் கேட்டுத்தான் அறிந்திருந்தார்கள். கண்டதில்லை.

தேர்தலில் ஜவுபர் பதினேழு வாக்கால் தோற்றார். ஆனால் கட்சிக்கு மற்ற இரண்டு வட்டாரம் கிடைத்தது, மொத்த வாக்குக்கு ஏற்பப் பட்டியலில் ஓர் ஆசனமும் கிடைத்தது. பட்டியல் ஆசனத்துக்குப் பெண்ணைத்தான் போட வேண்டும் என்று தேர்தல் அலுவலகம் சொல்லிவிட்டது. பட்டியலில் முதல் பூ ஜவுபரின் மனைவி. அவருக்கு அந்தக் கிழமைதான் பிள்ளை பிறந்திருந்தது. நாற்பது நாள் கழியாமல் வெளியே வர மாட்டார், அதற்குப் பிறகும் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும். அதனால் இரண்டாவது பூவைப் போட்டார்கள்.

"கொஞ்ச நாளைக்கு," என்றார் ஹாஜியார் மாமாவிடம். எத்தனை நாளைக்கு என்று மாமா கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். அந்தக் கடிதத்தின் புள்ளிகள் இரவு பகலாக எனக்குள் இருந்தன. ஆனால் உம்மாவின் முகத்தைப் பார்த்தால் சொல்ல மனம் வரவில்லை. வாப்பாவுக்குப் போன் எடுத்து உம்மா சொன்னார்: "இஞ்சாருங்க, நான் மெம்பர்."

"அப்ப இனி நான் ஒனக்கு ஸலாம் சொல்லித்தான் கதைக்கணும்," என்றார் வாப்பா.

"முந்தியும் சொல்லத்தானே வேணும்!"

வாப்பாவின் சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "கல்ல மட்டும் பாத்துக்க றுக்ஸானா. மாரிக்கு முந்தி," என்றார்.

சபை மாதத்துக்கு ஒரு தடவை கூடும். உம்மா தனியாகப் போக மாட்டார் என்பதால் நானும் ஓட்டோவில் போய்ப் பொதுமக்களுக்குப் போட்ட பின் வாங்கில் இருப்பேன். முதல் இரண்டு அமர்விலும் உம்மா வாய் திறக்கவில்லை. கந்தோரில் ஒரு பெண் எழுதுவினைஞர் இருந்தார். அவரிடம் உம்மா மெல்லப் போய்க் கேட்டார், கல்லுக்கு எங்கே கையெழுத்து வைக்க வேண்டும் என்று.

"சபையால கடலுக்குக் கல்லுப் போட ஏலாது தங்கச்சி," என்றார் அவர். "அது கரையோரத் திணைக்களத்தின்ட வேலை. சபை தீர்மானம் எடுத்து அவங்களக் கேக்கலாம். அவ்வளவுதான்."

உம்மா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஓட்டோவால் இறங்கும்போது, "மலையையே வைக்கலாம் எண்டாரே," என்று மட்டும் சொன்னார். அன்று பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். "பத்தொன்பது," என்றார். கடல் அப்போது அமைதியாகக் கிடந்த காலம். அப்படியிருந்தும் ஏழு அடி போயிருந்தது.

"கேக்கிறதையாவது கேப்பம். எழுது மகள்."

நான் எழுதினேன். எங்கள் கடற்கரை மையவாடியின் கிழக்கு எல்லையில் வருகின்ற மாரிக்கு முன்னர் கருங்கல் அணை அமைத்துத் தருமாறு உரிய திணைக்களத்தைக் கோருவதென இச்சபை தீர்மானிக்கிறது. இவ்வளவுதான். உம்மா அதைப் பதினைந்து நாள் மனப்பாடம் செய்தார். மீன் வெட்டும்போதும் சொல்வார். "உரிய திணைக்களத்தை" என்ற இடத்தில் எப்போதும் தடக்குவார்.

ஓகஸ்ட் மாத அமர்வில் உம்மா எழும்பி நின்றார். கறுப்பு அபாயாவின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு சொல்லும் தடக்காமல் சொல்லி முடித்தார்.

"ஆர் வழிமொழியிற?" என்று தவிசாளர் கேட்டார்.

ஒரு பிரேரணையை ஒருவர் சொன்னால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். இல்லாவிட்டால் அது அங்கேயே விழுந்துவிடும். எங்கள் கட்சி உறுப்பினர்கள் இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற முஸ்லிம் உறுப்பினர்களில் ஒருவர், "மையவாடி பள்ளிக்குச் சொந்தம். பள்ளி நிருவாகம் பாக்கிற மரைக்கார்மாருக்குத் தெரியாம ஒரு பொம்பிளை அத இஞ்ச கதைக்கிறது சரியில்ல," என்றார். உம்மா நின்றுகொண்டே இருந்தார்.

அப்போது எதிர்ப்பக்க வரிசையில் இருந்து ஒருவர் கையைத் தூக்கினார். செல்லத்தம்பி. பக்கத்துத் தமிழ் ஊரில் இருந்து வந்த உறுப்பினர், கரைவலைக்காரர். கோட்டுப் போட்டிருந்தார், ஆனால் கழுத்து வெயிலில் கறுத்துப் போயிருந்தது.

"நான் வழிமொழியிறன்."

"உங்களுக்கு என்ன செல்லத்தம்பி, அது எங்கட மையவாடி," என்றார் ஒருவர்.

"மையவாடி உங்கட. கடல் ஆர்ர? இஞ்சால திண்டு முடிச்சா மறுகா அங்கால என்ட மீன் வாடிக்குத்தானே வரும். கடலுக்கு என்ன, ஊர்ப் பேர் வாசிக்கத் தெரியுமா?"

சபையில் சிரித்தார்கள். தவிசாளரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "விசயம் முக்கியம்தான், கூடின கவனம் எடுக்கணும், அடுத்த அமர்வுல பாப்பம்," என்றார். அடுத்த அமர்விலும் நேரம் போதவில்லை என்று தள்ளினார்கள். ஒக்டோபர் அமர்வுக்குக் கட்டாயம் எடுப்பதாக எழுதுவினைஞர் உம்மாவுக்குச் சொன்னார்.

இடையில் ஒரு நாள் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை மாமாவைக் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை.

"என்ன வேலை பாத்து வெச்சிரிக்கீங்க றுக்ஸானா? கல்லு விசயம் எம்.பி.ட கையில இரிக்கி. மாகாண சபை எலக்சன் வரக்கொள்ள அவர் வந்து அடிக்கல் நாட்டுவார். பெரிய விழா. அதுக்குள்ள நீங்க முந்தி, அதுவும் மத்தக் கட்சிக்காரன்ட கையால..."

"எலக்சன் எப்ப காக்கா?"

"அது வரும். அடுத்த வருசம் வரும்."

"மாரி அடுத்த மாசம் வருது," என்றார் உம்மா. சீலைக்குப் பின்னால் நிற்கவில்லை. வாசலில் நேரே நின்றார். "நீங்க எம்.பி.ய நாட்டச் சொல்லுங்க. அவர்ர பேரயே கல்லுல வெட்டுங்க. எனக்கு ஒண்டும் வேணாம். மாரிக்கு முந்திப் போடுங்க."

"உங்களுக்கு அரசியல் விளங்குதில்ல."

"ஓம். விளங்குதில்ல."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். சஹ்லானின் ஜனாஸாவுக்குக் கபன் சீலையை அவர் காசில்தான் வாங்கினார்கள். அதற்கு ஒரு சதமும் அவர் திருப்பி வாங்கவில்லை. போகும்போது அவர் என்னைப் பார்த்தார். மூன்றாவதாக இருந்த அந்தக் கடிதத்தை நான் வாசித்தேன் என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பதையே நான் ஆறுதலாக எடுத்துக்கொண்டேன். அப்போதும் நான் உம்மாவிடம் சொல்லவில்லை.

ஒக்டோபர் அமர்வுக்கு நாலு நாள் இருக்க, தபால்காரர் ஒரு கடிதம் கொண்டு வந்தார். உம்மா எழுத்துக் கூட்டி வாசித்தார். தங்களது இராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது என்று இருந்தது. உம்மா இரண்டு தடவை வாசித்துவிட்டு அபாயாவைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். கந்தோரில் அந்த எழுதுவினைஞர் ஒரு கோவையைத் திறந்து காட்டினார். உம்மாவின் கையெழுத்து, பெயரின் முதல் எழுத்தான 'று'வை எப்போதும் போலப் பிழையாகச் சுழித்திருந்தது. புள்ளிகள் இருந்த இடத்தில் யாரோ நீலப் பேனையால் திகதி எழுதியிருந்தார்கள்.

"நான் இத எப்ப எழுதின?" என்று உம்மா அவரிடம் கேட்டார். எழுதுவினைஞர் கோவையை மூடினார். அவருக்கு இது புதிதில்லை போல இருந்தது.

வெளியே ஓட்டோவுக்குக் கிட்ட வந்தபோதுதான் நான் சொன்னேன். ஓட்டோக்காரர் கேட்கக் கூடாது என்று மெல்லச் சொன்னேன்.

"நோன்புக்கு ஜவுபர் கொண்டு வந்ததுல மூணாவது பேப்பர் உம்மா. எனக்குத் தெரியும். நான் வாசிச்ச."

உம்மா என் முகத்தைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். முக்காட்டை இழுத்துவிட்டு ஓட்டோவில் ஏறினார். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டுத் தருவார், கோப்பையை வைத்துவிட்டுப் போய்விடுவார். நாலாம் நாள் என் தலைக்கு எண்ணெய் வைத்தபடி, "நீ சொல்லியிருந்தா நான் வெச்சிரிக்க மாட்டன்," என்றார். அதைக் கோபமில்லாமல் சொன்னார். கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஒக்டோபர் அமர்வில் அந்தக் கதிரையில் ஜவுபரின் மனைவி இருந்தார். பிரேரணை கொண்டு வந்தவர் இப்போது உறுப்பினர் இல்லை என்பதால் பிரேரணையும் இல்லை என்றார் தவிசாளர். செல்லத்தம்பி எழும்பி, அப்படியானால் அதைத் தன் பெயரில் கொண்டு வருவதாகச் சொன்னாராம். எங்கள் ஊர் உறுப்பினர்கள் எல்லோரும், எல்லாக் கட்சியும், ஒன்றாக எழும்பினார்களாம். எங்கள் மையவாடிக்கு வேற்று ஊரான் தீர்மானம் கொண்டு வருவதா என்று. அன்றைக்குத்தான் சபையில் எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் ஒரு பக்கம் நின்றார்கள். வாக்கெடுப்பில் அது தோற்றது.

செல்லத்தம்பி அடுத்த நாள் மாமாவின் தோணியடிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். "தங்கச்சியிட்ட மன்னிப்புக் கேட்டன் எண்டு சொல்லுங்க. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தா ஒருவேளை ஆரும் உங்கட ஆக்கள் எடுத்திருப்பாங்க. எனக்கு அது மறுகாதான் விளங்கினது."

கடைசியாக உம்மா அளந்தபோது பதினொரு அடி இருந்தது. அதற்குப் பிறகு மழை தொடங்கியது.

நவம்பர் கடைசியில் ஐந்து நாள் விடாமல் அடித்தது. கரண்ட் இல்லை, வீதியெல்லாம் வெள்ளம், கடல் இரைகிற சத்தம் வீட்டுக்குள் கிடந்தாலும் கேட்டது. ஆறாம் நாள் விடிய மழை விட்டது. சுபஹுக்குப் பிறகு பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கடல் பக்கத்து வரிசைகளில் தங்கள் ஜனாஸாக்கள் இருக்கிற குடும்பங்களில் இருந்து ஆண்கள் மண்வெட்டியோடு வரவும், எடுக்கக் கூடியதை எடுத்து உள்ளே அடக்க வேண்டும் என்று.

மாமா எங்களுக்காகப் போனார். உம்மாவும் போனார். வேண்டாம் என்று மாமா சொல்லவில்லை. நாங்கள் மணலில் நின்றோம். எங்களைப் போல இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். நோட்டீசைத் திருப்பிப் பார்த்த தையற்கார ராத்தாவும் இருந்தார். தாழம் பற்றையைக் காணவில்லை. அது நின்ற இடத்தில் அலை ஏறி ஏறி இறங்கியது. கரை ஓர் ஆள் உயரத்துக்கு வெட்டி எடுத்தது போல நின்றது. ஆண்கள் அதன் மேலே சீலை பிடித்து மறைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஜவுபரும் நின்றார், ஹாஜியாரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றார். அவருடைய வாப்பாவும் முதல் வரிசையில்தான் இருந்திருக்கிறார். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

மதியம் ளுஹருக்குக் கிட்ட மாமா இறங்கி வந்தார். கையெல்லாம் மண். உம்மாவுக்கு முன்னால் வந்து நின்று கடலைப் பார்த்தார்.

"ரெண்டாம் வரிசையில மூணுதான் றுக்ஸானா எடுக்கக் கிடைச்சது."

"சஹ்லான்?"

மாமா கைகளைச் சாரத்தில் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"சின்னது ஒண்டும் இல்ல," என்றார்.

உம்மா தலையை ஆட்டினார், கடையில் ஒரு சாமான் முடிந்துவிட்டது என்று சொன்னால் ஆட்டுவது போல. பிறகு மெல்லக் குனிந்து மணலில் இருந்தார். தையற்கார ராத்தா வந்து பக்கத்தில் இருந்தார். அவருடைய ஆளும் கிடைக்கவில்லை. அலை காலுக்குக் கிட்ட வந்தது. இரண்டு பேரும் காலை இழுக்கவில்லை.

கரண்ட் வந்து போன் சார்ஜ் ஏற இரண்டு நாள் ஆனது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பா எடுத்தார். ஊர்க்காரர் யாரோ கட்டாரில் படம் காட்டியிருக்கிறார்கள். போனில் அவருடைய மூச்சு முதலில் கேட்டது.

"மையவாடி போயிற்றாமே. பிள்ள?"

உம்மா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எடுத்து உள்ளுக்கு அடக்கியாச்சி. எங்கட காக்காதான் கையால எடுத்த. நீங்க யோசிக்காதீங்க."

"உண்மையா?"

"என்னத்துக்கு நான் பொய் சொல்ற?"

"மகள் பஸ்னாட்டக் குடு," என்றார் வாப்பா.

உம்மா போனை நீட்டினார்.

"மகள், நீ கண்ணால பாத்தயா?"

"ஓம் வாப்பா."

"எவடத்த?"

எனக்கு மையவாடியின் உள்பக்கம் தெரியாது. நான் அங்கே கால் வைத்ததில்லை. மதில் விழுந்த பிறகு மணலில் நின்று தூரத்தில் கண்டதுதான்.

"மேற்கால வாப்பா. கிணத்தடிப் பக்கம், பெரிய வேம்பு ஒண்டு இரிக்கி. அதுக்கு இஞ்சால. கடல் அவ்வளவு தூரம் வராது. மாமா மீஸான் கட்டை ரெண்டும் புதுசா வெச்சிரிக்கார். நீங்க வந்தா லேசாக் கண்டு பிடிக்கலாம்."

நான் இவ்வளவு நீளமாக யாரோடும் கதைத்தது எனக்கு நினைவில்லை. உம்மா சுவரில் சாய்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிழல் படுமா மகள்?" என்று வாப்பா கேட்டார்.

"படும் வாப்பா," என்றேன். "பின்னேரம் முழுக்க நிழல்தான்."